கேட்கிறவர்களின் களைப்பு: சில குறிப்புகள்

மனநல ஆலோசகர்களுக்கு நடக்கும் பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலும் கடைசி நாள் மதியத்துக்கு மேல் ஒரு அமர்வு இருக்கும். 'தன்பராமரிப்பு' என்று பலகையில் எழுதுவார்கள். எல்லோரும் பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேளை அது. நன்றாகத் தூங்குங்கள், நடைப்பயிற்சி போங்கள், பாட்டு கேளுங்கள், தியானம் செய்யுங்கள், வேலையை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள் என்று ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் தப்பான வரி என்று எதுவும் கிடையாது. ஆனால் இருபத்தாறு வயதுக்காரருக்கும் ஐம்பது வயதுக்காரருக்கும், சென்னையில் ஏசி அறையில் பார்ப்பவருக்கும் ஓடைப்பட்டியில் பார்ப்பவருக்கும் அதே பட்டியல்தான் கொடுக்கப்படுகிறது. எனக்கு இடிக்கிற இடம் அதுதான்.

ஒரு தெரபிஸ்ட் தன்னைப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன, அது ஏன் காலத்துக்குக் காலம் மாறியாக வேண்டும் என்று படித்ததையும், வேலையில் பார்த்ததையும் இங்கே குறித்து வைக்கிறேன். (எங்கள் பக்கம் 'கவுன்சிலர்' என்று சொன்னால் எந்த வார்டு என்று கேட்பார்கள். 'கவுன்சிலிங்' என்றால் இன்ஜினியரிங் சீட். அதனால் ஆலோசகர், தெரபிஸ்ட் என்று மாற்றி மாற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.)

முதலில், களைப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோமே, அது ஒரே சரக்கு இல்லை.

'பர்ன் அவுட்' என்ற சொல்லை இந்த அர்த்தத்தில் ஆய்வுலகத்துக்குள் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், 1974-ல். நியூயார்க்கில் பகல் முழுக்கத் தன் சொந்தக் கிளினிக்கில் ஆட்களைப் பார்த்துவிட்டு, மாலையில் இலவசக் கிளினிக்கில் போய் உட்கார்ந்தவர். போதைப் பழக்கத்தில் கிடந்தவர்கள் தங்களுக்குள் புழங்கிய சொல்லைத்தான் எடுத்துத் தனக்கும் தன்னோடு வேலை பார்த்தவர்களுக்கும் பொருத்தினார். 1981-ல் கிறிஸ்டினா மாஸ்லாக் இதை அளக்க ஒரு கேள்வித்தாள் உண்டாக்கினார். அதில் மூன்று தனித்தனி அளவுகள் உண்டு. உள்ளே ஈரமே இல்லாமல் வற்றிப்போவது ஒன்று. எதிரில் இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் 'அடுத்த கேஸ்' என்று பார்க்க ஆரம்பிப்பது இன்னொன்று. நாம் செய்வதால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்ற எண்ணம் மூன்றாவது. மூன்றும் ஒன்றாகத்தான் வரும் என்று இல்லை. வற்றிப்போனவருக்கு லீவு உதவலாம். மூன்றாவது வகைக்கு லீவு போட்டால், வீட்டில் உட்கார்ந்து அதே எண்ணத்தை இன்னும் விஸ்தாரமாக நினைத்துக்கொண்டிருப்பார்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டில் பர்ன் அவுட்டை நோயாகச் சேர்க்காமல், வேலை இடத்தில் உண்டாகும் ஒரு நிலை என்றுதான் சேர்த்தது. நல்ல முடிவு என்று நினைக்கிறேன். நோய் என்றால் மருந்து ஆளுக்குக் கொடுக்கப்படும். வேலையால் வருவது என்றால் வேலையைப் பார்க்க வேண்டும்.

இதிலிருந்து வேறான ஒன்றை மெக்கானும் பேர்ல்மனும் 1990-ல் எழுதினார்கள். வன்முறைக்கு ஆளானவர்களின் கதைகளைத் தொடர்ந்து கேட்பவருக்கு உலகத்தைப் பற்றிய நம்பிக்கையே மெல்ல மாறிப்போகிறது. சொந்தக் குழந்தையை மாமா வீட்டுக்கு அனுப்பத் தயங்குவார். ராத்திரி கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை பார்ப்பார். சோர்வு என்று அவர் சொல்லவே மாட்டார், சுறுசுறுப்பாகத்தான் இருப்பார். சார்ல்ஸ் ஃபிக்லி 1995-ல் இதையொட்டி 'இரக்கக் களைப்பு' என்ற பெயரைப் பரப்பினார். பெயர் எதுவாக இருந்தாலும் நடப்பது இதுதான்: கேட்ட கதை காதோடு நிற்காமல் உள்ளே குடியேறிவிடுகிறது.

இந்த இரண்டாவது வகைக்குத்தான் பட்டியல் எவ்வளவு உதவுகிறது என்ற கேள்வி வருகிறது. 2006-ல் டொரன்டோவைச் சேர்ந்த டெட் போபர், செரில் ரேகர் இருவரும் 259 தெரபிஸ்ட்களிடம் எடுத்த ஆய்வு ஒன்று இருக்கிறது. இந்தத் துறையில் வேலை பார்க்கிறவர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டியது. பொழுதுபோக்கு, தன்பராமரிப்பு, மேற்பார்வை எல்லாம் உதவும் என்று பெரும்பாலும் எல்லோருமே நம்பினார்கள். ஆனால் அவற்றுக்கு அதிக நேரம் ஒதுக்கியவர்களுக்கு மன அதிர்ச்சி அறிகுறிகள் குறைவாக இருந்தனவா என்று பார்த்தால், தொடர்பே தெரியவில்லை. எது முன்கூட்டிக் காட்டிக்கொடுத்தது? வாரத்தில் எத்தனை மணி நேரம் அப்படிப்பட்ட கதைகளைக் கேட்கிறார் என்ற எண்ணிக்கைதான். பிரச்சினையை ஆலோசகரின் தனிப்பட்ட பொறுப்பாக ஆக்கிவிடுகிறோம், சுமையைப் பகிர்ந்து கொடுக்கிற வழியைப் பாருங்கள் என்று முடித்திருந்தார்கள்.

ஒரே சமயத்தில் எடுத்த அளவு என்பதால் இதை வைத்து எல்லாவற்றையும் தீர்மானித்துவிட முடியாது. ஆனாலும் எனக்கு இந்த ஆய்வு பெரிய விடுதலையாக இருந்தது. 'நடந்தேனே, தியானம் பண்ணினேனே, அப்புறமும் ஏன் இப்படி?' என்று தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது தேவையில்லை. கேட்கும் நேரத்தை எண்ணிப் பார்த்தால் போதும்.

எண்ணிப் பார்ப்பது சுலபம், குறைப்பது லேசில்லை. இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடக் கிடையாது. சுமார் 0.75 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த முக்கால் ஆளும் நகரத்தில்தான் இருப்பார். எங்கள் பக்கத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் க.விலக்கில் இருக்கிற தேனி அரசு மருத்துவக் கல்லூரி. அதற்குக் கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பேச ஆள் தேடுகிற ஜனம். 'இந்த வாரம் முடியாது' என்று நான் சொன்னால் அவர்கள் பக்கத்துத் தெருவில் வேறு தெரபிஸ்டிடம் போகப்போவதில்லை. கோடாங்கியிடம் போவார்கள், அல்லது எங்கேயும் போக மாட்டார்கள். நகரத்து ஆலோசகர் 'இல்லை' என்று சொல்வதும் நான் சொல்வதும் ஒரே விலை இல்லை.

அதனால் நான் செய்வது, மொத்த எண்ணிக்கையைவிடக் கலவையைக் கவனிப்பது. ஓடைப்பட்டி மேகமலை அடிவாரத்தில், திராட்சைப் பந்தலுக்கு நடுவில் இருக்கிற பேரூராட்சி. விதையில்லாத் திராட்சைக்குப் பேர் வாங்கிய ஊர். (2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது கம்பம் பன்னீர் திராட்சைக்கு, அது வேறு ரகம்.) இங்கே மனக்கஷ்டத்துக்கும் ஒரு சீசன் இருக்கிறது. பழம் வெட்டும்போது ஒருத்தரும் வர மாட்டார்கள். வெட்டுகிற நேரத்தில் மழை பெய்து பழம் வெடித்து, வியாபாரி பாதி விலை கேட்டுவிட்டுப் போனால், உடனேயும் வர மாட்டார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து, மருந்துக் கடைப் பாக்கி, வட்டி எல்லாம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகு வருவார்கள். அதிலும் முதலில் வருவது மனைவிதான், 'தூக்கம் வரல' என்று. தோட்டத்து வீட்டில் பூச்சிமருந்து கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிற ஊர் இது என்பதால் அந்த வாரங்களில் நான் அரைத் தூக்கத்தில்தான் இருப்பேன். மருந்தைப் பூட்டி வைத்து, சாவியை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்வது எங்கள் ஊரில் சிகிச்சையின் முதல் பாகம். மே மாதம் என்றால் பரீட்சை முடிவு. ஏலக்காய்த் தோட்டத்துக்கு விடிவதற்கு முன்பே ஜீப்பில் போடிமெட்டு, கம்பமெட்டு ஏறுகிற பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமையை விட்டால் நேரம் கிடையாது.

ஆகவே 'வாரத்துக்கு ஒருநாள் உங்களுக்கென்று ஒதுக்குங்கள்' என்ற அறிவுரை எனக்குப் பொருந்தவில்லை. என் கணக்கு வருஷத்துக்கானது. எந்த மாதம் கனக்கும் என்று முன்பே தெரியும் என்பதால், அந்த மாதத்தில் பாலியல் வன்முறை, தற்கொலை முயற்சி போன்றவற்றில் புதிதாக ஆரம்பிப்பதைத் தள்ளிவைக்க முடிந்தால் தள்ளிவைக்கிறேன். அவசரம் என்றால் தள்ள மாட்டேன், அதற்குப் பதிலாக வேறு எதையாவது இறக்குகிறேன். கனமான அமர்வு வாரத்தில் நாலு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் படிப்புக் கவலை, மாமியார் மருமகள், வேலை மாற்றம் மாதிரி ஒன்று. மாமியார் மருமகள் விஷயம் எனக்கு ஓய்வு என்று சொன்னால் சிரிப்பீர்கள். உண்மையில் அப்படித்தான்.

'வேலையை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்' என்ற வரிக்கு வருகிறேன். சின்ன ஊரில் நாம் எடுத்துப் போக வேண்டியதே இல்லை, அது நமக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடும். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் போன வாரம் அழுதவர். கல்யாணப் பந்தியில் எதிர் இலையில் உட்கார்ந்து, "யக்கா, அன்னைக்குச் சொன்னேன்ல, அது சரியாயிருச்சு" என்று சத்தமாகச் சொல்வார். பக்கத்து இலைக்காரர் உடனே காதைத் தீட்டுவார். புத்தகங்களில் இதற்கு 'இரட்டை உறவைத் தவிர்க்கவும்' என்று இருக்கும். தவிர்ப்பதானால் நான் சாப்பிடாமல் இருக்க வேண்டும்.

இதற்குத் தவிர்ப்பதைவிட முன்கூட்டிப் பேசிவைப்பதே உதவுகிறது. முதல் அமர்விலேயே சொல்லிவிடுவேன்: "வெளியில பாத்தா நானா வந்து பேச மாட்டேன், கோவிச்சுக்கக் கூடாது. நீங்க பேசினா நல்லாப் பேசுவேன். ஆனா இங்க பேசுறதை அங்க பேச மாட்டோம்." இது அவர்களுடைய ரகசியத்துக்காகச் சொல்வது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பாதி எனக்காக. திருவிழாவில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது நான் வேலையில் இல்லை என்று எனக்கே அது ஞாபகப்படுத்துகிறது.

கேட்பவரும் சொல்பவரும் ஒரே மழையில் நனைந்துகொண்டிருந்தால்? இதற்குத் தமிழில் நாம் பார்க்க வேண்டிய இடம் யாழ்ப்பாணம். தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவப் பேராசிரியர். போர் தமிழர்களின் மனதில் விட்டுச்சென்றதைப் பற்றி 1998-ல் அவருடைய புத்தகம் வந்தது. அதற்கு முன்பு 'முறிந்த பனை'யை எழுதிய நால்வரில் அவரும் ஒருவர். அந்த நால்வரில் ராஜினி திராணகம 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதாவது ஷெல் விழுந்த கதையைச் சொல்லும் நோயாளிக்கும் அதைக் கேட்கும் மருத்துவருக்கும் மேலே ஒரே ஆகாயம். 'வேலை முடிந்தது, வீட்டுக்குப் போய் பாதுகாப்பாக இருங்கள்' என்ற ஆலோசனைக்கு அங்கே அர்த்தமே இல்லை.

சோமசுந்தரத்தின் எழுத்தில் என்னை நிறுத்திய விஷயம் ஒன்று உண்டு. இளைப்பாறும் முறைகளை ஆளுக்கு ஏற்ப மாற்றினார். இந்துவுக்கு மந்திர உச்சரிப்பு, கத்தோலிக்கருக்கு ஜெபமாலை, முஸ்லிமுக்கு திக்ர், யாருக்கும் பொதுவாக சாந்தியாசனம், மூச்சு. அந்த ஆளின் வாயில் ஏற்கெனவே பழகிய சொல் எதுவோ அதுதான் உடம்பை அமர்த்தும் என்ற யோசனை. நோயாளிக்கு இவ்வளவு யோசிக்கிறோம். ஆலோசகருக்கு மட்டும் ஏன் எல்லோருக்கும் ஒரே ஆங்கில ஆப்? எனக்குத் தெரிந்த ஒரு மூத்த ஆலோசகர் அமர்வு முடிந்ததும் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவார், மத்தியானமாக இருந்தாலும். அக்கம்பக்கத்தில் விசித்திரமாகப் பார்த்தார்கள். அவருக்கு அது கைக்குப் பழகிய வேலை, புள்ளி எண்ணும்போது வேறு எதையும் நினைக்க முடியாது.

வயது மாறும்போது தேவை எப்படி மாறுகிறது என்பதற்கு ஸ்கோவ்ஹோல்ட்டும் ரோனஸ்டாடும் 100 ஆலோசகர்களைப் பேட்டி எடுத்து 1992-ல் எழுதிய புத்தகம் நல்ல வழிகாட்டி. புதிதாக வருபவரைத் தின்பது பயம்: நான் செய்வது சரிதானா, இவர் அடுத்த வாரம் வராமல் போனால் என்னால்தானா? அந்தக் காலத்தில் ஒருவருக்குப் பூங்காவில் நடக்கச் சொல்வது வீண். நடந்துகொண்டே பயப்படுவார். அவருக்குத் தேவை, 'பரவாயில்லை, இதை இப்படிப் பாரு' என்று சொல்ல ஒரு பெரியவர். மதுரையில் என் ஆரம்ப வருஷங்களில் எனக்குப் பெரிய மருந்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் சூப்பர்வைசர் வாங்கித்தரும் டீயும், அவர் கேட்கும் ஒரே கேள்வியும்தான்: "இந்த வாரம் எது உன்கூடவே வீட்டுக்கு வந்துச்சு?"

பத்து, பன்னிரண்டு வருஷம் ஆன பிறகு பயம் போய்விடும். அந்த இடத்துக்குப் பழக்கம் வரும். முதல் ஐந்து நிமிஷத்திலேயே கதை எங்கே போகும் என்று தெரிந்துவிட்ட மாதிரி இருக்கும். அப்போது டீயும் தைரியமும் உதவாது. புதிதாக ஏதாவது படிக்க வேண்டும், கற்றுக்கொடுக்க வேண்டும், அல்லது இதோடு சம்பந்தமே இல்லாத ஒன்றைக் கையால் செய்ய வேண்டும். எனக்கு அந்த வருஷங்களில் மலை ஏறுவதும் மௌனமாக இருப்பதும் பிடித்தது. நாள் முழுக்கப் பேச்சு கேட்ட காது, ஒலியில்லாத இடம் கேட்டது.

இப்போது மௌனம் எனக்கு உதவுவதில்லை. அம்மாவுக்கு மறதி நோய் வந்து மூன்று வருஷம் ஆகிறது. வீட்டிலேயே போதுமான மௌனம் இருக்கிறது. சிலநாள் என்னை அடையாளம் தெரியும், தெரிந்த நாளில் திட்டு விழும்: "ஊர்க்கதையெல்லாம் கேட்டுட்டு வந்து வீட்ல ஊமையா உக்காந்திருக்கியே தாயி." நியாயமான புகார். இந்த வருஷங்களில் எனக்கு ஓய்வு என்பது, எதிரில் இருப்பவர் என்னைக் கேட்பது. மாதம் இருமுறை நாங்கள் மூன்று ஆலோசகர்கள் போனில் பேசுகிறோம். பெயர், ஊர், தொழில் எதுவும் சொல்லாமல் என்ன கனக்கிறது என்று மட்டும். பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள் வந்தால் இன்னும் பார்க்கிறேன், அந்த வலி உள்ளிருந்து தெரியும் என்பதால் பயனும் உண்டு. ஆனால் ஒரே நாளில் இரண்டு பேரை வைப்பதில்லை.

கொரோனாவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சுக்குப் பிறகு எல்லோரும் போனுக்கு மாறினோம். வீட்டில் தனியிடம் இல்லாததால் பேசுகிறவர்கள் பந்தலுக்கு அடியில் போய் நின்று பேசினார்கள். நான் சமையல்கட்டில் நின்று கேட்டேன். முன்பெல்லாம் சின்னமனூரிலிருந்து வரும் பஸ் பயணம்தான் எனக்கு வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த வாசற்படி என்பதே அது நின்ற பிறகுதான் தெரிந்தது. போன் அமர்வு இன்றும் தொடர்கிறது. அதனால் இப்போது போன் வைத்ததும் தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி வருகிறேன். அது நடைப்பயிற்சி இல்லை, வாசற்படி.

இப்படி மாறிக்கொண்டே இருப்பது ஏதோ பலவீனம் என்று நினைப்பவர்களுக்கு ஃப்ராய்டை ஞாபகப்படுத்தலாம். 1937-ல், எண்பது வயது தாண்டிய பிறகு எழுதிய கட்டுரையில், பகுப்பாய்வாளர் ஒவ்வொருவரும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை போல, வெட்கப்படாமல் தாமே திரும்பப் பகுப்பாய்வுக்குப் போக வேண்டும் என்கிறார். ஒருமுறை செய்துகொண்டது ஆயுசுக்கும் தாங்காது என்பது அவர் கணிப்பு. ஃப்ராய்டின் பல முடிவுகளை நான் ஏற்பதில்லை, இதை அப்படியே ஏற்கிறேன்.

லண்டனில் சாட் வாரா 1953-ல் ஆரம்பித்த சமாரிட்டன்ஸ் அமைப்பில் ஒரு வழக்கம் உண்டு. தன்னார்வலர் தன் முறை முடிந்ததும், கேட்டவற்றைப் பொறுப்பாளர் ஒருவரிடம் இறக்கிவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். விருப்பப்பட்டால் செய்யும் காரியம் இல்லை, வேலையின் ஒரு பகுதி. இதைப் படித்தபோது எனக்கு நம் சாலையோரச் சுமைதாங்கிக் கல்தான் ஞாபகத்துக்கு வந்தது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக வைப்பார்கள். அதன் பயன் முழுக்க அதன் உயரத்தில் இருக்கிறது. தலைச்சுமையை இன்னொருவர் கை கொடுக்காமல் தானே சரித்து இறக்கவும், திரும்பத் தானே ஏற்றிக்கொள்ளவும் தோதான உயரம். சுமை அங்கேயே விட்டுவிட்டுப் போவதற்கில்லை, சந்தைக்குப் போயாக வேண்டும்.

நடைமுறைக்கு, நான் வருஷத்துக்கு இரண்டு தடவை, பந்தலில் கவாத்து நடக்கும் வாரங்களில், ஒரு நோட்டில் நாலு கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். கனமான அமர்வு வாரத்துக்கு எத்தனை ஆனது? யாரை நினைத்தால் 'ஐயோ, இவரா' என்று வருகிறது? வீட்டில் என்ன மாறியிருக்கிறது? போன தடவை உதவியது இப்போதும் உதவுகிறதா, அல்லது பழக்கத்துக்காகச் செய்கிறேனா? நாலாவது கேள்வியில்தான் ஒவ்வொரு தடவையும் ஏதாவது அடிபடும். போன தடவை தியானம் அடிபட்டது, காலை ஐந்து மணித் தூக்கம் உள்ளே வந்தது. அம்மா எழுந்திருக்கும் நேரம் மாறினால் அதுவும் மாறும்.

ஆலோசகருக்கே தாங்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று இளையவர்கள் கேட்கிறார்கள். மற்றவர்களுக்கு நாம் கொடுக்கிற எண்கள் நமக்கும் பொருந்தும். 2022 அக்டோபர் 10-ல் ஆரம்பித்த டெலி-மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய சிநேகாவும் இருக்கிறது. என்ன தொழில் என்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

மிச்சம் இருப்பது அந்த எண்ணிக்கைப் பிரச்சினை. நாலு என்று வரம்பு வைத்த பிறகு ஐந்தாவது ஆள் எங்கே போவார்? சுற்றுப்பட்டில் இரண்டு பள்ளிகளில் ஆசிரியைகள் மூவர், மாதம் ஒரு சனிக்கிழமை வந்து உட்கார்ந்து கேட்பதற்குப் பழகுகிறார்கள். கனமான கதை அவர்களுக்கு இன்னும் கொடுக்கவில்லை. பழகுவதன் முதல் மாதத்திலேயே அந்த நோட்டையும் ஆரம்பித்துவிட்டோம். அதில் ஒரு டீச்சர் எழுதியிருந்த முதல் வரி: 'எனக்குத் தனியா இருந்தா பிடிக்காது, அதனால மௌனம் வேண்டாம்.'